பழைய காம்பவுண்ட் வில்லைத் தேற்றுவதா, புதுசு வாங்குவதா?

கேள்வி: 9 மார்ச் 2025, திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி

அண்ணே, எங்க மாமா பையன் வெளிநாடு போறப்ப அவனோட காம்பவுண்ட் வில்லை, அதான் நுனியில சக்கரம் வச்ச வில்லை, என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான். 2012 மாடல். 70 பவுண்டு லிம்ப் (வளையுற கை), டிரா லெங்த் (இழுப்பு நீளம்) 29, ஆக்சிலுக்கு ஆக்சில் (வில்லோட நீளம்) 33 அங்குலம். ஸ்ட்ரிங் (நாண்) நைஞ்சு கிடக்கு. புது ஸ்ட்ரிங், கேபிள், ரெஸ்ட் (அம்பு தாங்கி), சைட் (குறி பாக்குறது), ஸ்டெபிலைசர் (ஆட்டம் குறைக்குற கம்பி) எல்லாம் போட்டா அறுபதாயிரம் ஆகும்ங்கறாங்க. அதைப் போடலாமா, இல்ல இன்னும் கொஞ்சம் சேத்துப் புதுசே வாங்கிரலாமா? என் உயரம் அஞ்சடி ஆறு. இதுக்கு முன்னாடி வில்லைத் தொட்டதில்ல. மாநிலப் போட்டியில அடிக்கணும்னு ஆசை.

பதில்: 9 மார்ச், இரவு

அறுபதாயிரத்தை இப்போதைக்குப் பையிலேயே வை. அந்தப் பட்டியலில் ஒன்றைக்கூட வாங்காதே. நீ எழுதியதில் எனக்கு உறுத்துவது ஸ்ட்ரிங் இல்லை, 29 என்கிற எண்.

சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் விரி. ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை யாரையாவது அளக்கச் சொல். அதை இரண்டரையால் வகுத்தால் உன் டிரா லெங்த் ஏறக்குறைய வந்துவிடும். கைவிரிப்பு பெரும்பாலும் உயரத்தை ஒட்டியே இருக்கும். 66 அங்குலம் என்று வைத்தால் 26.4. அந்த வில் 29. சக்கரமில்லாத ரிகர்வ் வில்லாக இருந்தால் உன் கைக்கு எட்டுகிற அளவு இழுத்து அடித்துக்கொள்ளலாம். காம்பவுண்டில் அது நடக்காது. லிம்ப் நுனியில் இருக்கிற சக்கரம், அதாவது கேம், சுழன்று எங்கே போய் முட்டி நிற்கிறதோ அதுதான் இழுப்பின் முடிவு. அங்கே போனால்தான் லெட்-ஆஃப் கிடைக்கும், பாரம் குறையும். அதற்கு இரண்டரை அங்குலம் முன்னால் நீ நின்றால் பாதிப் பாரத்தைக் கையில் தாங்கிக்கொண்டு நடுங்குவாய். எட்டிப் பிடிக்கப் பார்த்தால் முகம் பின்னால் சாயும், தோள் மேலே ஏறும், முன்கையில் ஸ்ட்ரிங் சுளீரென்று அடிக்கும்.

கேமை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. கீழ் லிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதையும்.

11 மார்ச்

படம் வந்தது. ஸ்டிக்கர் பாதி வெளுத்துவிட்டது, ஆனாலும் ஸ்ட்ரிங் நீளம், கேபிள் நீளம், பவுண்டு மூன்றும் படிக்க முடிகிறது. அதைப் பெரிதாக்கி ஒரு தாளில் எழுதி வில்லோடு வைத்துக்கொள். அது போனால் ஸ்ட்ரிங்கைக் கழற்றி 100 பவுண்டு இழுவிசையில் மாட்டி அளக்க வேண்டியிருக்கும். வீட்டு டேப்பை வைத்துத் தொளதொளவென்று அளந்தால் தப்பாக வரும்.

கேமில் இரண்டு திருகு போட்டு ஒரு துண்டு மாட்டியிருக்கிறதே, எழுத்து பொறித்து, அதுதான் மாட்யூல். டிரா லெங்த்தைத் தீர்மானிப்பது அது. உன் மாடலில் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித் துண்டு. இந்த கேம் அளவுக்கு ஆகச் சிறிய துண்டே 27-தான். அதுவும் இப்போது தயாரிப்பில் இல்லை. யாராவது பழைய பெட்டியில் வைத்திருந்தால் உண்டு.

அடுத்தது பவுண்டு. 70 பவுண்டு லிம்ப் என்றால் லிம்ப் போல்ட்டைத் தளர்த்தி 60 வரைக்கும் இறக்கலாம், அதற்குக் கீழே தளர்த்துவது ஆபத்து, லிம்ப் கழன்று முகத்துக்கு வரும். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதியில் காம்பவுண்டுக்கு உச்சவரம்பே 60 பவுண்டு. அதாவது அந்த வில்லின் அடிமட்டம் போட்டியின் மேல்மட்டம். சோதனை மேசையில் தராசு 60.5 காட்டினால் அன்றைக்கு நீ பார்வையாளன். அது கிடக்கட்டும், புதிதாகத் தொடங்குகிறவன் 60 பவுண்டைப் போட்டியின் 72 அம்புக்கும் இழுக்க முடியாது. 40, 45 போதும்.

ஆகவே உன் செலவுப் பட்டியலில் முதலில் வர வேண்டியவை மாட்யூலும் லிம்பும். இரண்டுமே அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்டெபிலைசர் இருக்கிறது.

11 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

"ரிகர்வில் எல்லாத்தையும் தனித்தனியா மாத்துறாங்களே" என்று கேட்டிருக்கிறாய். ரிகர்வில் ஐஎல்எஃப் என்று பொதுவான பொருத்துமுறை இருக்கிறது. ஒரு கம்பெனி ரைசரில் (நடுவில் கைப்பிடி உள்ள பாகம்) இன்னொரு கம்பெனி லிம்பை மாட்டலாம், வருடத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போகலாம். காம்பவுண்டில் ரைசர், லிம்ப், கேம் மூன்றும் கூட்டுக்குடும்பம். ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து வெளியிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து வைக்க முடியாது. நாம் 'அப்கிரேட்' என்று சொல்வதெல்லாம் அந்த மூன்றைச் சுற்றி மாட்டும் சாமான்களைத்தான்.

16 மார்ச்

மேலூர்க்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். "பதினஞ்சு வருஷ வில்லை வச்சு நான் அடிக்கலையா? பழசுன்னா தூக்கி எறியச் சொல்றீங்களா?" என்று.

இல்லை அண்ணாச்சி. உங்கள் வில் உங்கள் கைக்குப் பொருந்துகிறது, அதனால் அது நல்ல வில். என்னுடையது 2008 மாடல். இரட்டை கேம், 38 அங்குலம் நீளம், டிரா லெங்த் என் கைக்குச் சரியாக இருக்கிறது. அதை மாற்றும் எண்ணமே எனக்கு இல்லை. தம்பியின் வில்லைத் தள்ளச் சொல்வது வயதுக்காக இல்லை, அளவுக்காக.

என் வில்லில் நான் போட்ட காசில் எது பலித்தது, எது வீண் என்று கேட்டால் வரிசை இப்படி: ஸ்ட்ரிங்கும் கேபிளும் முதலில். பழைய ஸ்ட்ரிங் நீண்டு போயிருந்தது. இழுக்கும்போது பீப் (ஸ்ட்ரிங்கில் கட்டிய, குறிபார்க்கும் ஓட்டை) பாதித் திரும்பி நிற்கும், தலையைச் சாய்த்து ஓட்டையைத் தேடுவேன். புதுசு போட்டதும் அந்தத் தேடல் போயிற்று. அப்புறம் அம்பு. அப்புறம் ரிலீஸ், அதாவது ஸ்ட்ரிங்கைப் பிடித்து விடுகிற கருவி: மணிக்கட்டில் கட்டுகிற விசையிலிருந்து கட்டைவிரல் பொத்தானுக்கு மாறினேன், படக்கென்று தட்டிவிடும் பழக்கம் குறைந்தது. சைட்டுக்கு நிறையச் செலவழித்தேன், அது ஸ்கோரில் தெரியவில்லை. ஆனால் சைட் அடுத்த வில்லுக்கும் வரும். ரிலீஸும் வரும், ஸ்டெபிலைசரும் வரும். ஸ்ட்ரிங் வராது, ஒரு மாடலுக்கு அடித்தது இன்னொன்றுக்கு ஆகாது. அம்பு சில சமயம் வரும், பல சமயம் வராது.

பழைய வில்லில் காசு போடும்போது நான் பார்ப்பது இதைத்தான்: இந்த வில் போனபின் இந்தப் பொருள் என்னோடு வருமா?

17 மார்ச்

வில்பெட்டியை பஸ்ஸில் கொண்டுபோகலாமா என்று கேட்டவருக்கு: போகலாம். மாட்டுத்தாவணியில் ஒரு கண்டக்டர் "என்ன சார், வீணையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். "வாசிச்சுக் காட்டுங்க" என்று கேட்கவில்லை, லக்கேஜ் டிக்கெட் மட்டும் கிழித்தார்.

30 மார்ச்

வேகம் பற்றி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். புது மாடல் நொடிக்கு 340 அடி, பழசு 320 அடி, ஆகவே புதுசு மேல் என்று.

அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஐபிஓ (அமெரிக்க வேட்டை வில்லாளர் அமைப்பு) வேகம் என்பது 70 பவுண்டு, 30 அங்குல டிரா, 350 கிரெய்ன் (எடை அளவு) அம்பு, ஸ்ட்ரிங்கில் பீப், ரிலீஸை மாட்டும் லூப் ஒன்றும் இல்லாமல் அளந்தது. நம் ஆட்களில் 30 அங்குலம் இழுக்கிறவர் எத்தனை பேர்? ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 10 அடி போகும், ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 2 அடி என்பது கைக்கணக்கு. தம்பியின் 26.5 அங்குலம், 45 பவுண்டுக்கு இரண்டு வில்லுமே ரொம்பக் கீழே வந்துவிடும், இடையில் இருக்கிற வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

சரி, வேகம் எதற்கு? வெளிநாட்டு ஆட்கள் பேசுவது வேட்டைக்கு. மான் எத்தனை கஜத்தில் நிற்கிறது என்று தெரியாதவனுக்கு வேகமான அம்பு தேவை, தூரக்கணக்கு கொஞ்சம் பிசகினாலும் அம்பு அதிகம் தாழாது. அவர்களில் சிலர் அடிக்கடி வில் மாற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நமக்கு 50 மீட்டர், அளந்து கோடு போட்ட 50 மீட்டர். 80 சென்டிமீட்டர் இலக்கு முகம், அதில் பத்துப் புள்ளி வட்டம் 8 சென்டிமீட்டர். அம்பு மெதுவாகப் போனால் சைட்டை ஒரு நூல் இறக்கிவைத்தால் தீர்ந்தது. இலக்கு ஓடிப்போகாது.

அதனால் வெளிநாட்டு யூடியூபில் "பழசா புதுசா" என்று தேடிப் பார்க்கிறவர்கள், பேசுகிறவர் வேட்டைக்காரரா இலக்கு அடிப்பவரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 33 அங்குலம், 70 பவுண்டு என்பதே வேட்டைக்கு எடுத்த வில்லின் அளவு. தம்பியின் மாமா பையன் எதை நினைத்து வாங்கினானோ தெரியவில்லை.

31 மார்ச்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். 33 அங்குல வில்லை நீளத்துக்காக மட்டும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். குட்டை வில்லில் முழுக்க இழுத்ததும் ஸ்ட்ரிங் கூர்மையாக மடங்கி முகத்தை விட்டு விலகி நிற்கும், மூக்கு நுனி அதைத் தொடாது. இழுப்பு நீளமானவர்களுக்குத்தான் இது தொல்லை. 26, 27 அங்குலம் இழுக்கிறவருக்கு அந்தக் கோணம் அவ்வளவு மோசமாகாது. பெண்பிள்ளைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் 34, 35 அங்குல வில்லில் நன்றாக அடிப்பதைப் பார்க்கிறோம். கோயம்புத்தூர் நண்பர் சுட்டிக்காட்டியது சரி. தம்பி விஷயத்தில் வில்லின் நீளம் இரண்டாம்பட்சம், மாட்யூலும் பவுண்டும்தான் தடை.

10 ஏப்ரல்

செய்தி பார்த்தீர்களா? 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணி. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் செயற்குழு நேற்று ஒப்புக்கொண்டிருக்கிறது. 1972-இல் வில்வித்தை ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்ததிலிருந்து ரிகர்வ் மட்டும்தான். காம்பவுண்டுக்காரர்களை "அது மெஷின்ப்பா" என்று ஒதுக்கியே வைத்திருந்தார்கள். காம்பவுண்டை உருவாக்கிய அமெரிக்க மிசூரிக்காரர் ஹோலஸ் ஆலன் லிம்ப் நுனியை அறுத்துக் கப்பி மாட்டியதற்கு 1969-இல் காப்புரிமை கிடைத்தது. அங்கிருந்து ஒலிம்பிக் வாசலுக்கு இத்தனை வருஷம்.

நம் ஆட்களுக்கு இது பெரிய செய்தி. 2023 பெர்லின் உலகப் போட்டியில் அதிதி சுவாமிக்கு 17 வயது, தனிநபர் தங்கம். அதே போட்டியில் ஆண்களில் ஓஜஸ் தேவ்தளே. இரண்டு பேரும் சதாராவில் ஒரே இடத்தில் பயிற்சி எடுத்தவர்கள். அந்த வருஷமே ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்டின் ஐந்து தங்கமும் நமக்கு. ஜோதி சுரேகாவுக்கு மூன்று, ஓஜஸுக்கு மூன்று. பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரும், காலால் வில் பிடிக்கும் ஷீத்தல் தேவியும் எடுத்த வெண்கலமும் காம்பவுண்டில்தான்.

இனி இரண்டு விஷயம் நடக்கும் என்று நினைக்கிறேன். பயிற்சி ரேஞ்சில் கூட்டம் கூடும். பழைய வில்லுக்கு விலை ஏறும். விற்கிற எண்ணம் இருக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வாங்குகிறவர்கள் பொறுக்காதீர்கள்.

13 ஏப்ரல்

உலகக் கோப்பை முதல் சுற்று, ஃபுளோரிடா. கலப்பு அணியில் ஜோதி சுரேகாவும் ரிஷப் யாதவும் தங்கம். ஒலிம்பிக் அறிவிப்பு வந்த அதே வாரம்.

27 ஏப்ரல்

வெயில் ஏறிவிட்டது. காரில் வில்லை வைத்துவிட்டு ரேஸ்கோர்ஸில் நடக்கப் போகிறவர்களுக்குச் சொல்லி அலுத்துவிட்டது. பூட்டிய காருக்குள் வெளியில் இருப்பதைவிட எவ்வளவோ சூடு. ஸ்ட்ரிங்கின் மெழுகு இளகும், இழை நீளும், பீப் திரும்பும். பழைய லிம்ப் என்றால் இன்னும் மோசம். கண்ணாடி இழையை அடுக்கடுக்காகப் பசை போட்டு ஒட்டியதுதானே, அடுக்கு விட்டுப்போகலாம். பழசைத் தேற்றி வைத்துக்கொள்கிறவர்கள் இந்த ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே 2012 வில் ஊட்டியில் இருந்திருந்தால் ஸ்டிக்கர்கூட வெளுத்திருக்காது.

இன்னொன்று. டிரா போர்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு கே.புதூர் தொழிற்பேட்டையில் லேத்து வேலை, அதனால் நானே செய்துகொண்டேன். ஆறடி நீளத் தடித்த பலகை, ஒரு முனையில் வில்லின் கைப்பிடி உட்காரும் முளை, மறுமுனையில் கையால் சுற்றும் வின்ச். டி-லூப்பில் கொக்கியை மாட்டி மெதுவாகச் சுற்றினால் வில் தானாக இழுபட்டு நிற்கும், கிட்டப் போய் கேமைப் பார்க்கலாம். மேல் கேமின் ஸ்டாப் கேபிளைத் தொடும்போது கீழ் கேமின் ஸ்டாப்புக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு போஸ்ட்கார்டு நுழைகிற இடைவெளி இருந்தால் டைமிங் போய்விட்டது என்று அர்த்தம். எந்த கேம் பிந்துகிறது என்று பார்த்து, அதைச் சரிசெய்கிற கேபிளில் அரைச் சுற்று, மறுபடி போர்டில் வைத்துப் பார்க்க வேண்டும், மறுபடி அரைச் சுற்று. இரண்டும் ஒரே நேரத்தில் 'டக்' என்று முட்டும்வரை. ஸ்ட்ரிங் நீண்ட பழைய வில்லில் பாதிப் பேருடைய குறை இதுதான், அதை வில்லின் வயசு என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த ஒரு வேலையைச் செய்தபின் புது வில் ஆசை விட்டுப்போனவர்கள் உண்டு.

வின்ச்சுக்குப் பூட்டு சரியாக விழுகிறதா என்று பார்க்காமல் கையை விடாதீர்கள். முழுக்க இழுத்த வில் அம்பில்லாமல் விட்டுக்கொண்டால் அது டிரை ஃபயர். லிம்ப் போகும், கேம் போகும், பக்கத்தில் நிற்கிறவர் கண்ணும் போகலாம்.

28 ஏப்ரல்

ஸ்ட்ரிங் மாற்றும்போது லிம்பை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ்ஸும் நானே செய்யலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். டிரா போர்டு வேறு, பிரஸ் வேறு. லேத்துக்காரன் சொல்கிறேன், வெல்டிங்கை நம்பி அந்த விசைக்கு முன்னால் முகத்தை நீட்டாதே.

பழசா புதுசா கணக்கில் யாரும் சேர்க்காத செலவும் இதுதான். பழைய வில்லில் லிம்ப் சாய்வாக நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குப் பழைய மாதிரி பிரஸ் போதும். புது வில்லில் லிம்ப் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகவோ அதையும் தாண்டியோ மடங்கி நிற்கும், நுனியை விரல் மாதிரிப் பிடித்து அமுக்குகிற பிரஸ் வேண்டும். நீங்கள் போகிற ரேஞ்சில் எந்த பிரஸ் இருக்கிறது என்று தெரியாமல் வில் வாங்கினால், ஒரு பீப் மாற்றுவதற்கு ரயில் ஏற வேண்டியிருக்கும்.

14 மே

மேலூர் அண்ணாச்சிக்குப் புது ஸ்ட்ரிங் செட் வந்துவிட்டது. ஒரு வாரம் முன்பே வர வேண்டியது. அழகர் ஆற்றில் இறங்கி முடிக்கிறவரைக்கும் தல்லாகுளம் பக்கம் வண்டியை விட முடியாது என்று கூரியர்காரர் கையை விரித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, எதிர்சேவை அன்றைக்கு என்னாலேயே பட்டறைக்குப் போக முடியவில்லை.

போட்டாயிற்று. புது ஸ்ட்ரிங் முதல் சில நூறு அம்புக்குக் கொஞ்சம் அசையும், பொறுத்திருந்து அப்புறம் பீப்பைக் கட்டுங்கள் என்றேன். கேட்கவில்லை. மறுநாளே பீப் கோணல் என்று போன்.

1 ஜூன்

திருமங்கலம் தம்பி மாட்யூல் தேடி ஓய்ந்துவிட்டான். ஒருவரிடம் இருந்தது, 28. இன்னொருவரிடம் 27, ஆனால் வலதுகை வில்லுக்கு இல்லை, இடதுகை. லிம்ப் கிடைக்கவே இல்லை.

புது வில் விலையும் கேட்டிருக்கிறான். போட்டிக்கு உரிய நல்ல கம்பெனி வில் வரியோடு சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேலே, சாமான்கள் தனி. "அண்ணே, எங்க அப்பா கிட்ட சொன்னா வில்லாலேயே அடிப்பாரு" என்கிறான்.

நடுவில் ஒரு வழி இருக்கிறதே, அதை யாரும் பேசவில்லை. ஐந்தாறு வருஷத்துக்குள் வந்த, இலக்குக்கென்றே செய்த, இரண்டாம் கை வில். நன்றாக அடிக்கிறவர்கள் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றிவிடுகிறார்கள். அந்த வில்லுக்கு மாட்யூலும் லிம்பும் இன்னும் கடையில் கிடைக்கும். திருச்சியில் ஒருவர் விற்கிறார், 36 அங்குலம், 50 பவுண்டு லிம்ப், 40 வரை இறக்கலாம், மாட்யூல் 25.5-இலிருந்து 28 வரை நகர்த்தலாம். எழுபதாயிரம் சொல்கிறார், வெறும் வில். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.

8 ஜூன்

பார்த்துவிட்டு வந்தோம். இரண்டாம் கை வாங்குகிறவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டவர்களுக்காக, அங்கே செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

பையில் கொஞ்சம் பஞ்சு கொண்டுபோயிருந்தேன். விற்கிறவர் மனைவி முதலுதவி என்று நினைத்தார். லிம்பின் நான்கு ஓரத்திலும், நுனியிலும், போல்ட் பக்கமும் பஞ்சை மெதுவாக ஓட்டினேன். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, பஞ்சு மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை. அப்புறம் கேமின் பள்ளத்தில் நகத்தை வைத்து முழுக்க ஒரு சுற்று. எங்காவது நகம் தட்டினால் அங்கே உலோகம் கீறியிருக்கிறது, ஸ்ட்ரிங்கை அறுக்கும். கீழ் கேமில் ஓர் இடத்தில் லேசாகத் தட்டியது. வெளி விளிம்பில்தான், பள்ளத்துக்குள் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கீழே உரசிய தழும்பு மாதிரித் தெரிந்தது. கேட்டேன். ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை விழுந்தது என்று தயங்காமல் சொன்னார். ஆக்சிலின் இரண்டு முனையிலும் கிளிப் இருக்கிறதா, கேம் ஆடுகிறதா, பின்னாலிருந்து பார்த்தால் கேம் சாய்ந்து நிற்கிறதா என்பதெல்லாம் அதற்கப்புறம். லிம்ப் போல்ட்டை மேலும் கீழும் ஒரே எண்ணிக்கையில் தளர்த்தியிருக்கிறார்களா என்று அவரையே எண்ணிக்காட்டச் சொன்னோம்.

கடைசியாகத்தான் இழுத்தது. இலக்குக்கு நேராக நின்று, அம்பு மாட்டி, மெதுவாக. 'கிர்' என்று சத்தம் வந்தால் வாங்காதே என்று வரும்போதே தம்பியிடம் சொல்லியிருந்தேன். அவன் முதல் இழுப்பு முடிந்ததும் "அண்ணே, சத்தம் வந்துச்சு" என்றான். அவன் முட்டி.

வாரண்டி கேட்காதீர்கள். பெரும்பாலான கம்பெனிகள் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் தருகின்றன. அதனால்தான் விலையும் பாதியாகிறது. விழுந்த தழும்பைக் காட்டி அறுபத்தைந்துக்கு முடித்தோம்.

9 ஜூன்

மாமா பையனின் அம்பையே புது வில்லுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தம்பி. முடியாது. அதில் 340 என்று போட்டிருக்கிறது. ஸ்பைன் எண் என்பது அம்பு எவ்வளவு வளைகிறது என்பதன் கணக்கு: 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் 0.340 அங்குலம் தாழ்கிறது. எண் சிறிதாக இருந்தால் அம்பு விறைப்பு. 45 பவுண்டு, குட்டை இழுப்புக்கு 500, 600 பக்கம் வேண்டும். நீளம் அதிகமாக இருக்கிறது, வெட்டிக்கொள்கிறேன் என்கிறான். வெட்டினால் இன்னும் விறைக்கும்.

எடையையும் பார். ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன் என்பது பெரும்பாலான கம்பெனிகள் சொல்லும் குறைந்தபட்சம், 45-க்கு 225. அதற்கும் லேசாகப் போனால் பாதி டிரை ஃபயர்தான். கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.

22 ஜூன்

லெட்-ஆஃப் அதிகமாக இருக்கிற புது வில்தான் தொடக்கக்காரர்களுக்கு நல்லது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 45 பவுண்டில் 80 சதவீதம் என்றால் கையில் நிற்பது 9 பவுண்டு. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ரொம்ப லேசாக இருந்தால் முதுகு தளர்ந்துவிடும், சைட் புள்ளி அலையும், கவனம் பிசகினால் கேம் கையை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். போட்டிக்காரர்கள் பலர் வேண்டுமென்றே லெட்-ஆஃபைக் குறைத்து வைக்கிறார்கள். தம்பியின் வில்லில் 65, 75 இரண்டும் வைக்கலாம். இப்போதைக்கு 75-இல் இருக்கிறது. அவன் இன்னும் 20 மீட்டரில் பெரிய முகத்துக்குத்தான் அடிக்கிறான், 50 பற்றிப் பேச நாள் இருக்கிறது.

செலவுக் கணக்கு கேட்டிருந்தீர்கள்: வில் அறுபத்தைந்து. ரிலீஸ் அவன் மாமா பையனுடையதே. ஸ்டெபிலைசர் என் பழசு, இரவல். சைட்டும் ரெஸ்ட்டும் பழைய வில்லிலிருந்து கழற்றி மாட்டியாயிற்று, சைட்டுக்கு ஒரு திருகு மட்டும் நான் கடைந்து கொடுத்தேன். அம்பு ஒரு டஜன் புதுசு. ஸ்ட்ரிங் இந்த வருஷம் தாங்கும்.

2012 வில் விற்பனைக்கு இருக்கிறது. 70 பவுண்டு, 29 அங்குலம். கைவிரிப்பு ஆறடியைத் தாண்டியவர்கள், வலதுகைக்காரர்கள், 60 பவுண்டு இழுத்துப் பழகியவர்கள் மட்டும் கேளுங்கள். ஸ்ட்ரிங் மாற்றியே ஆக வேண்டும், அதை விலையில் கழித்துக்கொள்கிறான். பஞ்சு நானே ஓட்டிப் பார்த்துவிட்டேன், லிம்ப் சுத்தம். பிரஸ் பழைய மாதிரி போதும்.

சோழவந்தான்காரர் ஒருவர் 5 அடி 4 என்று எழுதி விலை கேட்டிருக்கிறார். அண்ணே, தயவுசெய்து மேலே முதல் பதிலைப் படியுங்கள்.